எந்த மாதத்தில் கேட்டீர்கள்?

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் மாதிரி எண்ணிக்கை இருக்கிறது, வயது வரம்பு இருக்கிறது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்கூட இருக்கிறது. தரவு திரட்டிய மாதம்தான் பெரும்பாலும் இருப்பதில்லை. உடலுழைப்பை வாய்மொழியாகக் கேட்டுப் பதியும் ஆய்வில் அது தெரியாமல் மற்ற எண்களை வைத்து என்ன செய்வது?

மாசசூசெட்ஸில் 1990களில் நடந்த 'சீசன்ஸ்' ஆய்வு ஒரே ஆட்களைப் பருவந்தோறும் விசாரித்தது. கோடையில் உழைப்பு ஏறியது, குளிர்காலத்தில் இறங்கியது. அந்த வளைகோடு நமக்கு உதவாது. இங்கே ஆளை வீட்டுக்குள் முடக்குவது கத்திரி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் வினாத்தாள் 'வழக்கமான ஒரு வாரம்' பற்றிக் கேட்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அப்படியொரு வாரம் உண்டு. டெல்டாவில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு? சம்பா நடவில் காலை முதல் சேற்றில் குனிந்து நிற்பவருக்குப் பங்குனி, சித்திரையில் வயலில் வேலையே இருக்காது. "எந்த மாசத்தக் கேக்குறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நியாயம்தான். "பொதுவா சொல்லுங்கம்மா" என்பார் களப்பணியாளர். அந்தப் பெண்ணும் போன வாரம் செய்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஐபேக் என்ற இன்னொரு வினாத்தாளின் குறுவடிவம் கடந்த 7 நாட்களை மட்டுமே கேட்கிறது. அந்த அளவில் அது ஒளிவுமறைவற்றது.

வெயில் இன்னொரு வேலையும் செய்கிறது. மூச்சும் நாடித்துடிப்பும் வெகுவாகக் கூடினால் கடின உழைப்பு, ஓரளவு கூடினால் மிதமானது என்றுதான் விளக்கி வகைப்படுத்துகிறோம். வெப்பத்தில் ரத்தம் தோலை நோக்கித் திரும்புவதால் அதே வேலைக்கு நாடி கூடுதலாகத் துடிக்கும். ஒருவர் தை மாதத்தில் 'மிதம்' என்ற வேலையை அவரே மே மாதத்தில் 'கடினம்' என்பார். நாளுக்கு அரை மணி, வாரத்தில் 4 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதத்துக்கு 4 மெட் (ஓய்வைப்போல் எத்தனை மடங்கு ஆற்றல் செலவு என்ற அளவு), ஆக 480 மெட்-நிமிடம். கடினத்துக்கு 8 மெட், ஆக 960. போதிய உழைப்பு என்று நாம் கோடு போடும் இடம் வாரத்துக்கு 600. உழைப்பு துளியும் மாறாமல் ஒருவர் கோட்டைத் தாண்டிவிடுகிறார். முடுக்கமானி கட்டினால் இந்தக் குளறுபடி குறையும். ஆனால் ஒரே ஒரு வாரம் கட்டினால் அதுவும் அந்தப் பருவத்தைத்தான் காட்டும்.

எனக்குப் பெரிய கவலை முன்-பின் ஆய்வுகள்மேல்தான். மே மாதம் முதல் அளவீடு, நடைப்பயிற்சி ஆலோசனை, ஜனவரியில் மறு அளவீடு, 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்'. தை மாதக் குளிரில் ஆலோசனை கேட்காதவர்களும்தான் நடக்கிறார்கள். ஒரே குழு ஏப்ரலில் கோவையையும் நவம்பரில் நாகையையும் முடித்துவிட்டு மாவட்ட வேறுபாடு பேசுவதும் இதே கதை.

அடுத்த இதழ் முதல் ஆய்வுமுறைப் பகுதியில் தரவு திரட்டிய மாதங்களையும் அப்போது அவ்வூரில் நடந்த பயிர்வேலையையும் எழுதுங்கள். முன்-பின் ஆய்வென்றால் இரண்டு அளவீடும் ஒரே பருவத்தில் அமையட்டும். முடியாதென்றால் அதே நாட்களில் அளந்த ஒப்பீட்டுக் குழு வேண்டும். தீபாவளி, பொங்கல் வாரங்களில் எடுத்த நேர்காணல்களைத் தனியே குறியுங்கள். ஆய்வேட்டுக் கெடுவுக்குள் ஓடும் முதுகலை மாணவர்களிடம் ஆண்டு முழுக்க அளக்கச் சொல்லப்போவதில்லை. மாதத்தை எழுதினால் போதும்.