கோழிக்கூட்டின் காவல்

கொல்லைப்புறத்தில் மேயும் நான்கைந்து கோழிகள் பல இல்லங்களில் தாய்மாரின் தனிச் சேமிப்பாகும். பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அவசர மருந்தும் அந்த முட்டைக் காசிலிருந்தே வருவதுண்டு. மரநாய் ஓரிரவு கூட்டினுள் புகுந்தால் அச்சேமிப்பு முழுவதும் அழிந்துபோகும்.

கோழி வெளியே போகாதிருக்கக் கூடு கட்டுகிறோம். பகை உள்ளே வராதிருக்கக் கட்டுகிறோமா? அறுகோணக் கண்களையுடைய மெல்லிய கோழிவலை முதற் காரியத்திற்கே உதவும். நாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே தக்கது. அதன் அடிப்பகுதியைச் சுற்றிலும் ஓரடி ஆழத்திற்கு மண்ணில் புதையுங்கள். தோண்டி வரும் விலங்கு அங்கே தடைபட்டு நிற்கும். பகலில் கோழிகள் உலவும் அடைப்பின் மேற்புறத்தையும் வலையால் மூடுங்கள், பருந்துக்கு வழியிராது.

இரவில் தங்கும் கூட்டைத் தரையினின்று இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். கோழியொன்றுக்கு நான்கு சதுர அடி இடமும், சுவரின் மேற்பகுதியில் வலையிட்ட காற்றுவழியும் வேண்டும். நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயிலின் கடுமை குறையும். கதவுக்குக் கயிற்று முடிச்சு போதாது. தாழ்ப்பாளும், அது நழுவாதபடி ஒரு கொக்கியும் தேவை.

எத்துணை உறுதியான கூடாயினும் அந்தியில் அடைக்காவிட்டால் பயனில்லை. அடைய வரும் கோழிகளை எண்ணிப் பார்த்துத் தாழிடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். "யாராவது அடைத்திருப்பார்கள்" என்று எல்லாரும் எண்ணும் இரவிலேயே மரநாய்க்குக் கதவு திறந்திருக்கும்.