நிழலுக்கும் நுழைவுச்சீட்டா?

பாளையம்பட்டிக்காரனாகிய நான் பூங்காவில் விளையாடி வளர்ந்தவன் அல்லன். கண்மாய்க் கரையும் அங்குள்ள வேப்பமர நிழலுமே எங்களுக்குப் பூங்கா. அங்கே எவரும் எவரையும் "நீ யார்?" என்று கேட்டதில்லை.

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அச்செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தனியார் வசமிருந்த அரசு நிலத்தை மீட்டு, ஆறு ஏக்கர் பரப்பில் பசுமை படைத்திருக்கிறார்கள். மாநகரின் நடுவே அவ்வளவு நிலத்தைக் கட்டடமாக்காமல் விட்டதற்கே பாராட்ட வேண்டும். ஆனால் நுழைவுக் கட்டணம் பெரியவர்க்கு 100 ரூபாய், சிறுவர்க்கு 50 ரூபாய் என்று படித்ததும் அம்மா குறுக்கிட்டார்.

"ஏய்யா, நெழல்ல உக்காரவா நூறு ரூவா?"

அம்மா நூறு நாள் வேலைக்குச் செல்பவர். 2024-25இல் தமிழகத்தில் அவ்வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். (முழுக் கூலியும் கைக்கு வந்த நாட்கள் எத்தனை என்பது வேறு கதை!) கணவன், மனைவி, இரு குழந்தைகள் உள்ளே சென்றால் 300 ரூபாய். எஞ்சும் 19 ரூபாயில் பேருந்துக்குக் கொடுப்பதா, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்குவதா?

பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும்தான். ஜிப்லைன் போன்ற கேளிக்கைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கட்டும். புல்வெளிக்கும் மரத்தடிக்கும் ஏன்? "கட்டணம் வைத்தால்தான் கண்டவர்கள் உள்ளே வரமாட்டார்கள்" என்றான் என் வகுப்புத் தோழன் ஒருவன். பராமரிப்புக் கணக்கைவிட இந்தக் கணக்கே என் நெஞ்சை உறுத்துகிறது. யார் அந்தக் கண்டவர்கள்? அந்த மாநகரின் மாடிகளுக்குச் செங்கல் சுமக்கப் போன என் சித்தப்பா போன்றவர்கள்தாமே! அவர் விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் மெரினாவுக்குப் போகிறார். கடலுக்குச் சீட்டு இல்லை. ஆனால் பகலில் அந்த மணலில் ஒதுங்க நிழல் குறைவு.

1850இல் இங்கிலாந்தின் பெர்க்கன்ஹெட் நகரப் பூங்காவைக் கண்ட அமெரிக்கர் ஓம்ஸ்டெட், ஏழையும் செல்வரும் அங்கே ஒன்றாய் உலவுவதைக் கண்டு வியந்தார். பின்னர் அவர் வாக்ஸ் என்பவருடன் சேர்ந்து வடிவமைத்ததே நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க். செல்வம் கொழிக்கும் அந்நகரில், அப்பூங்காவுக்குள் நுழைய இன்றும் கட்டணமில்லை.

கட்டணத்தை அடியோடு நீக்க மனம் வராவிட்டால், ஞாயிறு ஒரு நாளேனும் கதவைத் திறந்து விடட்டும். சித்தப்பாவுக்கு வேலை இல்லாத நாள் அது ஒன்றுதான்.