இரவற் பண்டமும் வீட்டு அடுப்பும்

சில தினங்களுக்கு முன்னர் என்னைக் காண வந்த நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக் குசினியில் என்னைக் கண்டு திகைத்துவிட்டார். என்னைப் போலவே தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். அறுபது வயதுவரை தேநீர்கூடத் தானாக வைத்தறியாத நான் தாச்சிக்கு முன்னால் நின்றது முதற் காரணம். தாச்சியிற் பொரிந்துகொண்டிருந்தது பாண்தூள் பூசிய பன்றியிறைச்சி என்பது இரண்டாவது காரணம்.

“என்ன மாஸ்ரர் இது?” என்றார்.

“யப்பானியரின் தொன்கட்சு” என்றேன்.

“யப்பானியருடையதா? ஐரோப்பியரின் கட்லட்டை வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். இரவற் பண்டத்தில் என்ன பெருமை இருக்கிறது?” என்றார்.

அடுப்பைக் கவனிக்கும் அவசரத்தில் அன்று நான் கூறிய மறுமொழி அரைகுறையானது. அதனை நிறைவாகக் கூறவேண்டும் என்னும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு பண்டம் எங்கே பிறந்தது என்பதைக்கொண்டு அது யாருக்கு உரியது என்று தீர்த்தல் தவறு. யாருடைய வீட்டு அடுப்பில், எவ்வளவு விளக்கத்தோடு அது ஆக்கப்படுகின்றது என்பதே அதன் உரிமையைத் தீர்மானிக்கும். இஃது என் துணிபு.

நண்பர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. யப்பானில் இறைச்சியுணவு நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. கி.பி. 675ஆம் ஆண்டிலே தெம்மு பேரரசர் பசு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணலாகாதென்று ஆணையிட்டார். பௌத்த அறத்தின் செல்வாக்கினால் இத்தகைய விலக்குகள் பல வடிவங்களிற் பன்னூறு ஆண்டுகள் நிலவின. 1872ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்னும் செய்தி வெளியாயிற்று. அதன் பின்னரே மேனாட்டு இறைச்சியுணவு அங்கே வெளிப்படையாகப் பரவத் தொடங்கியது. டோக்கியோ நகரின் கின்சாப் பகுதியில் 1895இல் தொடங்கிய ‘ரெங்காதெய்’ என்னும் உணவகம் 1899இற் பன்றியிறைச்சிக் கட்லட்டைப் பரிமாறியதென்பர்.

ஆயின், வாங்கியதை அவர்கள் வாங்கியபடியே வைத்திருக்கவில்லை. வியன்னா நகரத்தார் கன்றிறைச்சியை மெல்லிய தகடுபோல அடித்து, உருக்கித் தெளியவைத்த வெண்ணெயிலோ பன்றிக்கொழுப்பிலோ பொரித்து, எலுமிச்சைத் துண்டோடு உண்பர். யப்பானியரோ கன்றை விட்டுப் பன்றியைக் கொண்டனர். தகட்டை விட்டுத் தடித்த துண்டைக் கொண்டனர். தாங்கள் ‘தெம்புரா’ பொரிக்கும் முறைப்படி எண்ணெயில் அதனை அமிழ்த்திப் பொரித்தனர். மேசையிற் கத்தி வேண்டாதவாறு குசினியிலேயே துண்டாக்கி, கோற்களால் எடுத்துண்ண வகை செய்தனர். பச்சைக் கோவாவை மயிரிழைபோல் அரிந்து பக்கத்திற் குவித்தனர். சோற்றோடும், சோயாப் புளிக்கூழிற் செய்த இரசத்தோடும் உண்டனர். ஒன்றன் பின் ஒன்றாக இத்தனை மாற்றங்களையும் செய்த பின்னர் எஞ்சியிருக்கும் ஐரோப்பா எவ்வளவு?

பெயரையும் நோக்குவோம். ‘தொன்’ என்பது பன்றியைக் குறிக்கும் சீனவழிச் சொல். ‘கட்சு’ என்பது ‘கட்லட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சிதைவு. முதலில் ‘கட்சுரெட்சு’ என்று வழங்கிப் பின்னர் குறுகியது. அவ்வாங்கிலச் சொல்லும் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்ததே. அதன் மூலப்பொருள் ‘சிறு விலாவெலும்பு’ என்பதாம். ஆகவே யப்பானியர் தமக்கே உரியதெனக் கருதும் இவ்வுணவின் பெயரிற் சுதேசச் சொல் ஒன்றுமே இல்லை. எனினும் ‘கட்சு’ என்னும் ஒலி அவர்கள் மொழியில் ‘வெல்லுதல்’ என்னும் பொருளுடைய வினைச்சொல்லோடு ஒத்துப்போயிற்று. அதனாற் பரீட்சைக்கு முந்திய இரவில் மாணவர்க்கு இவ்வுணவை ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் எழுந்தது. வந்தேறிச் சொல்லில் வீட்டுச் சொல்லைக் கேட்டது அவர்கள் செவி.

இதனை நான் நூலிற் படித்து மட்டும் கூறவில்லை. என் மனைவி மறைந்த பின்னர், டோக்கியோவில் வாழும் மகளின் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். பெப்ரவரி மாதத்திற் பேரனுக்கு நுழைவுப் பரீட்சை. முதல்நாட் காலை அவன் என்னிடம் வந்து, “அம்மப்பா, எல்லா வீட்டிலும் இண்டைக்குக் கட்சு. எங்கட வீட்டிலும் வேணும்” என்றான். மகளும் மருமகனும் வேலைக்குச் சென்றுவிட்டனர். கடையில் வாங்கலாம் என்றேன். “வீட்டில செய்தாத்தான் வெல்லலாம்” என்றான். பன்றியிறைச்சி ஏறாத வீட்டிற் பிறந்தவன் நான். எனினும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து மறுக்க இயலவில்லை. அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் கற்பிக்க இசைந்தார். பேரனே மொழிபெயர்ப்பாளன்.

முதுகுத்தசையில் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தடித்த துண்டை அவர் எடுத்தார். கொழுப்பும் தசையும் சேரும் ஓரத்தில் வெள்ளை நார் ஒன்று ஓடுகின்றது. அதனைக் கத்திமுனையால் நாலைந்து இடங்களில் வெட்டிவிட்டார். வெட்டாவிடின் சூட்டில் அந்நார் சுருங்கி இறைச்சியை வளைத்துவிடும். கத்தியின் முதுகால் மெதுவாகத் தட்டி, உப்பும் மிளகும் தூவினார். பின்னர் கோதுமை மாவிற் புரட்டி, மிகுதியை உதறினார். மா ஈரத்தை உறிஞ்சி முட்டையைப் பற்றிக்கொள்ளும். முட்டை தூளைப் பற்றிக்கொள்ளும். இம்மூன்றில் எந்தப் படியைத் தவிர்த்தாலும் மேலுறை எண்ணெயிற் கழன்றுவிடும்.

மூன்றாவது தட்டை என் பக்கம் தள்ளி அவர் “பாங்கோ” என்றார். பேரன் விளக்கினான்: “கோ எண்டால் தூள், அம்மப்பா. பான் எண்டால் பாண்.” நான் திடுக்கிட்டேன். அம்மூதாட்டியின் வாயில் என் வீட்டுச் சொல்! போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். யப்பானுக்கு வந்தது 1543இல். அவர்கள் விட்டுச் சென்ற ஒரே சொல்லை அவரும் நானும் அத்தனை தலைமுறைகளாக நம்முடையதென்று வழங்கி வந்திருக்கிறோம்.

பாங்கோ நமது றஸ்க் தூள்போல் நுண்ணியதன்று; துருவிய தேங்காய்ப்பூப்போல் இதழிதழானது. நுண்ணிய தூள் நெருங்கிச் சுவராகிவிடும். இதழ்களுக்கிடையிலோ இடைவெளி உண்டு. அவ்வழியே ஆவி வெளியேற, மேலுறை மொறுமொறுப்பாகும். பழைய பாணின் கரையை நீக்கித் துருவினால் நம் வீட்டிலும் இதனை ஆக்கலாம்.

எண்ணெய் 170 பாகை சூடாதல் வேண்டும். சூடுமானி இல்லையாயின் ஒரு துணுக்குத் தூளை இடுக. அது பாதியாழம் சென்று மேலெழுந்தாற் பதம் சரி. சூடு மிகுந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாயிருக்கும். குறைந்தால் எண்ணெயைக் குடித்துவிடும். ஒருமுறை திருப்பி, ஐந்தாறு நிமிடங்களில் எடுத்துக் கம்பித்தட்டில் வைத்தல் வேண்டும். உடனே வெட்டலாகாது. மூன்று நிமிடம் பொறுத்தால் வெளிச்சூடு உள்ளே சென்று மிச்ச வேலையை முடிக்கும். உள்ளே 63 பாகை சூடேறிப் பின்னர் மூன்று நிமிடம் ஆறுதல் வேண்டும் என்பது முழுத்துண்டுப் பன்றியிறைச்சிக்குக் கூறப்படும் பாதுகாப்பு விதியுமாகும். பன்றியை உண்ணாத அன்பர்கள் கோழியிறைச்சியில் இதனைச் செய்யலாம். அதனை உள்ளே வெண்மையாகும்வரை நன்கு வேகவைத்தல் அவசியம்.

கடையில் வாங்குவதற்கும் வீட்டில் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன். பெட்டியில் அடைத்தவுடன் அதன் ஆவியே அதனை நனைத்துவிடுகின்றது. அடுப்புக்கும் உண்பவனுக்கும் இடையே சில அடி தூரமே இவ்வுணவு தாங்கும். பேரன் உண்ட சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. அவன் மறுநாட் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு பாடசாலையின் பரீட்சையிற் சித்தியெய்தினான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நண்பரின் கட்சியில் நானும் நெடுங்காலம் இருந்தவன். நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில் மாணவன் ஒருவன் தன் தாயைப்பற்றிக் கட்டுரை எழுதினான். “அம்மா குசினியில் கட்லட் பொரித்தா. பாண்தூள் அவவின் கையெல்லாம் ஒட்டியிருந்தது” என்பது அதிலொரு பகுதி. குசினியை வெட்டி ‘அடுக்களை’ என்று எழுதினேன். பாணை வெட்டினேன். கட்லட்டையும் வெட்டினேன். சிவப்பு மையின் கீழே அவனுடைய தாயின் கை மறைந்துபோயிற்று. அதன்பின் அவன் தன் வீட்டைப்பற்றி எழுதவேயில்லை. பசுவைப்பற்றியும் பொங்கலைப்பற்றியும் பிழையின்றி எழுதினான். நானும் நல்ல புள்ளிகள் இட்டேன்.

மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து உருண்டையாக்கிப் பொரிக்கும் நமது கட்லட்டில் விலாவும் இல்லை, எலும்பும் இல்லை. பிறந்தநாளிலும் திருமண வீட்டிலும் அதனை அந்நியம் என்று ஒதுக்குவார் எவருமில்லை. அம்மாணவனின் தாய் செய்த வேலையும் டோக்கியோ மூதாட்டி செய்த வேலையும் ஒன்றே. வந்ததைத் தம் கைக்குப் பழக்கினர். தம் பிள்ளைக்கு ஊட்டினர்.

இரவல் அனைத்தும் நன்று என்று நான் வாதிடவில்லை. மா எதற்கு, முட்டை எதற்கு என்று அறியாமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பொரிப்பவனின் கட்லட் கழன்று எண்ணெயிற் கிடக்கும். மேனாட்டிலிருந்து வந்த சிறுகதைக்கும் நாவலுக்கும் இது பொருந்தும். விளங்காமல் எடுத்தது இரவலாகவே இருக்கும். விளங்கி ஆக்கியது உடைமையாகும்.

நண்பர் அன்று இரண்டு துண்டு உண்டார். மூன்றாவதை எடுக்கும்போது, இதற்குத் தூய தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். பெயர் பிறகு பார்க்கலாம், ஆறுமுன் உண்ணுங்கள் என்றேன். என் பழைய மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதை நான் அறியேன். இதனை அவன் வாசிக்க நேர்ந்தால், குசினியையும் பாணையும் அவனுடைய கட்டுரைக்கே திருப்பித் தருகிறேன் என்று அறிவானாக.