காயம்பட்ட பூமியில் ஒரு வாக்கிங்!

"தினமும் அரை மணி நேரம் நடங்க!"

சர்க்கரைக்குப் போனாலும் டாக்டர் இதைத்தான் சொல்கிறார். பிரஷருக்குப் போனாலும் இதையேதான் சொல்கிறார். நாமும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்து, நாலு நாள் நடக்கிறோம். ஐந்தாம் நாள்? ஒரு பக்கம் பஸ் புகை, இன்னொரு பக்கம் தெரு நாய், காலடியில் உடைந்த பிளாட்பாரம். 'போதும்டா சாமி' என்று மொட்டை மாடிக்குப் போய் எட்டு போடுகிறோம். அதுவும் அலுத்துப்போய் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம்.

முழுத் தப்பும் உங்கள் மேல் இல்லை. நடக்க ஒரு இடம் வேண்டாமா? "இடத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். இடம் இருக்கிறது. தோண்டி எடுத்த வரைக்கும் லாபம் என்று விட்டுப் போன குவாரி, இழுத்து மூடிய ஆலை, ரயில் வராத பழைய யார்டு. இதையெல்லாம் நாம் இடமாகவே நினைப்பதில்லை. குப்பை கொட்டத்தான் நினைவு வருகிறது!

சற்று மாற்றி யோசித்த ஒரு ஊரின் கதையைச் சொல்கிறேன்.

பிழைத்தது மூன்றே வகை

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா. அதன் துறைமுக நகரம் மொம்பாசா. ஊரை ஒட்டி பம்புரி என்ற இடத்தில் 1950-களில் ஒரு சிமென்ட் ஆலை வந்தது. கடற்கரையோரம் இருந்த பழைய பவளப் பாறையை வெட்டி வெட்டி சிமென்ட் செய்தார்கள். வெட்டி முடித்த இடத்தில் மிஞ்சியது என்ன? கண்ணைக் கூசும் வெள்ளைப் பாறை. பிடி மண் கிடையாது. பள்ளத்தில் ஊறிய தண்ணீரோ உப்புக் கரித்தது.

ஆலையின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பாறையில் 26 வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றே வகை. அதில் ஒன்று தென்னை. இன்னொன்று நமக்கு ரொம்ப வேண்டியது. நம் கடற்கரையில் வரிசையாக நிற்கிறதே, அதே சவுக்கு!

சவுக்கின் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாகக் கொடுக்கிறது. அதனால்தான் ஒன்றுமில்லாத பாறையிலும் அது விறுவிறுவென்று வளர்ந்தது. ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. உதிர்ந்த சவுக்கு இலை மக்கவே இல்லை. அதில் இருக்கும் துவர்ப்புப் பொருள் மக்கவிடாது. இலை மக்காமல் மண் ஏது? மண் இல்லாமல் காடு ஏது?

கைகொடுத்தது யார் தெரியுமா? மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்தால் துடைப்பத்தால் தள்ளுகிறோமே, அந்த மரவட்டை! அந்தப் பக்கத்து மரவட்டை சவுக்கு இலையைத் தின்பதைக் கண்டு, நூற்றுக்கணக்கில் பிடித்து வந்து விட்டார்கள். அவை தின்று போட்ட எச்சம்தான் அந்தப் பாறையின் முதல் மண். மண் வந்ததும் மற்ற மரங்கள் வந்தன. மரம் வந்ததும் பறவை வந்தது. பள்ளத்துத் தண்ணீரில் மீன் வளர்த்தார்கள். 1987-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு ஹாலரைத் தன் 'குளோபல் 500' கௌரவப் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர்தான். பக்கத்திலேயே நடக்கவும், ஓடவும், சைக்கிள் விடவும் காட்டுப் பாதைகள்.

2004 டிசம்பர் 26-ஐ நம்மால் மறக்க முடியுமா? அதே கடல், அதே சுனாமி. கென்யக் கரையில் தாயைப் பிரிந்து தவித்த ஒரு நீர்யானைக் குட்டியைக் காப்பாற்றி இந்தப் பூங்காவில்தான் விட்டார்கள். அது நேரே போய் ஒட்டிக்கொண்டது ஒரு கிழட்டு ராட்சத ஆமையிடம்! அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். முப்பது வருஷத்துக்கு முன் அது வெறும் பாறைக் குழி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கம்பெனிக்குப் பெருமையா?

"தோண்டியவனே மூடினான், இதில் என்ன பெருமை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மரம் நடுவதைக் காட்டி இன்னொரு மலையை வெட்ட அனுமதி கேட்டால் அது ஏமாற்று வேலை. தோண்டியவர் சரிசெய்வது தானம் அல்ல, கடமை. ஆனால் ஏற்கெனவே தோண்டிப் போட்ட குழியை என்ன செய்வது? லீவு நாளில் குவாரித் தண்ணீரில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பவில்லை என்று வருஷா வருஷம் பேப்பரில் படித்து 'உச்' கொட்டுகிறோம். கம்பி வேலி போட்டால் நாலு மாதத்தில் கம்பியைக் காணோம்!

என் கருத்து இதுதான். ஒரு இடத்தைக் காப்பது வேலி அல்ல, அங்கே தினமும் நடக்கிற கால்கள். பத்துப் பேர் காலையும் மாலையும் நடக்கிற இடத்தில் இரவோடு இரவாகக் குப்பை லாரி வந்தால், மறுநாள் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை

எல்லாப் பழைய ஆலை நிலமும் ஒன்றல்ல. பம்புரியில் இருந்தது வெறும் பாறை. அதில் விஷம் இல்லை. ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் 1985-ல் மூடிய இரும்பு ஆலை இன்று பெரிய பூங்கா. அங்கே சில பகுதிகளில் மண்ணே கெட்டுப்போயிருந்தது. அதற்குத் தனியாக வழி செய்த பிறகுதான் மக்களை நடமாட விட்டார்கள். ரசாயனம், தோல், சாயம், உலோகம் புழங்கிய இடமானால் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்காமல் பாதை திறக்கச் சொல்லாதீர்கள்.

திறந்த பாதையிலும் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

• பாதையை விட்டு இறங்க வேண்டாம். குவாரித் தண்ணீர் ஓரத்திலேயே ஆள் ஆழம் இருக்கும்.

• செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

• அங்கே காய்த்த பழம், பிடித்த மீன் எதையும் விசாரிக்காமல் வாயில் போடாதீர்கள். குழந்தைகள் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

• வாரத்துக்கு 150 நிமிடம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாளுக்குப் பங்கு போட்டால் அரை மணி. டாக்டர் சொன்ன கணக்கேதான்!

வெள்ளைப் பாறை காடாக ஒரு தலைமுறை ஆனது. உடம்பும் அப்படித்தான். இருபது வருஷம் கெடுத்ததை இருபது நாளில் சரிசெய்ய முடியாது. ஆனால் இன்றைக்கு ஆரம்பிக்கலாம். உங்கள் ஊரிலும் சும்மா கிடக்கும் குழியோ, மூடிய ஆலையோ இருக்கும். அடுத்த வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு நடைபாதை எப்போது?"

கேட்பீர்கள்தானே?