ரெக்காள் யாருடைய மகள்?

ஜெர்மானியப் புலவர் லெஸ்ஸிங் 1779-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஞானி நாதான்’ என்னும் நாடகத்தைப் புகழும் நம்மனோர் அதிலுள்ள மூன்று மோதிரக் கதையையே எடுத்தோதுகின்றனர். கதை நன்றே. ஆயினும் நாடகத்தின் உயிர் அங்கில்லை என்பது எம் கருத்து.

களம், சிலுவைப் போர்க் காலத்து எருசலேம். நாதான் என்னும் யூத வணிகனின் மனைவியையும் ஏழு புதல்வரையும் காத் என்னும் ஊரிற் கிறிஸ்தவர் தீக்கிரையாக்கினர். மூன்று நாள் சாம்பலிற் கிடந்து கதறி, அச்சமயத்தார்மேல் தீராப் பகை பூண்ட அவன் கையில், ஒரு கிறிஸ்தவக் கைக்குழந்தை வந்து சேர்ந்தது. பகையை விடுத்து, ரெக்காளென்று பெயரிட்டு மகளாகவே வளர்த்தான். இத்தகைய செய்தியைப் பெயர் சுட்டாது கேட்ட கிறிஸ்தவ மதத்தலைவரோ, அந்த யூதன் எரிக்கப்பட வேண்டும் என்கிறார். அவன் எடுத்திராவிடின் குழந்தை மாண்டிருக்குமே என்றாலும் அவர் இரங்குவதில்லை! மோதிரக் கதையைக் காட்டிலும் இவ்விடமன்றோ நெஞ்சை அறுப்பது?

முடிவில் மட்டும் எமக்கு மனக்குறையுண்டு. ரெக்காளைக் காதலித்த கிறிஸ்தவ வீரன் அவளுடைய உடன்பிறந்தானென்றும், இருவரும் சுல்தான் சலாதீனின் தம்பி மக்களென்றும் வெளிப்பட, யாவரும் தழுவிக்கொள்கின்றனர். வளர்த்தவனே தந்தையென்று அதுகாறும் காட்டிய ஆசிரியர், இறுதியில் உதிர உறவைத் துணைக்கழைத்தது ஏனோ? அக்கூட்டத்தில் எவரோடும் உதிரத் தொடர்பில்லாதவன் நாதான் ஒருவனே. அவனைத் தன்னிடமிருந்து பிரிக்கலாகாதென்றே ரெக்காள் தரையினின்று எழாமல் வேண்டி நின்றாள்.