எந்தத் துப்பாக்கி வாங்கலாம்ணே?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. அல்லிநகரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தம்பி வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அவனுக்குத்தான் கேடு. கோயில் திருவிழாவில் ஒரு தகராறு. அவன் அண்ணன் எதிர்த்துப் பேசிவிட்டான். "வெட்டிப்புடுவோம்னு ஆள் மூலமா சொல்லிவிட்டிருக்காய்ங்கண்ணே" என்றான். பிறகு செல்போனை எடுத்து நீட்டினான்.

அதில் ஒரு அமெரிக்காக்காரன் மேசையில் ஏழெட்டு கைத்துப்பாக்கிகளைப் பரப்பி வைத்திருக்கிறான். எல்லாம் 9 எம்.எம். இடுப்பில் செருகிக்கொண்டு போக இது, வீட்டில் காவலுக்கு வைக்க இது, சுட்டுப் பழக இது என்று, ஜவுளிக்கடையில் சேலை விரிப்பது மாதிரி விரித்துக் காட்டுகிறான்.

"இதுல எது வாங்கலாம்ணே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1989-இல் போடி வட்டாரம் எரிந்தபோது எங்கப்பா மொட்டை மாடியில் கல்லைக் குவித்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். "ஒரு துப்பாக்கி இருந்திருந்தா கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பேன்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கழுத்துக்கு அருவா வரும்போது அகிம்சை பேசு என்று இந்தத் தம்பிக்கு நான் உபதேசம் பண்ண மாட்டேன். உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆகவே கேள்வி நியாயமானது. அதற்கு நேராகவே பதில் சொல்லிப் பார்ப்போம்.

முதல் பதில்: அந்த மேசையில் இருந்த எதையும் நீ வாங்க முடியாது. 9 எம்.எம். இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. கலெக்டர்கூட அதற்கு லைசென்ஸ் தர முடியாது. டில்லியில் மத்திய அரசுதான் தர வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் கையில் அகப்பட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருசம் சிறை, 14 வரை போகலாம். 9 எம்.எம். யார் இடுப்பில் இருக்கிறது? போலீஸ் அதிகாரி இடுப்பில். இஷாபூர் தொழிற்சாலையில் அவர்களுக்காகச் செய்த பிஸ்டலில் 13 தோட்டா. அது அரசாங்கத்தின் ரகம். நமக்கு அதன் முன்பக்கம் மட்டும்தான் தெரியும்.

சாதாரண ஆளுக்குச் சட்டம் விட்டு வைத்திருப்பது 12 போர் நீளத் துப்பாக்கி, புள்ளி 32 ரிவால்வர் மாதிரி சில ரகங்கள். 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, விலை ரூ.1,22,360. அந்த வருசம் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக் கூலி ரூ.167. நான் பேங்க் கிளார்க், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை: எங்க தெரு அக்கா ஒருத்தி ஏழு வருசத்துக்கு மேல் நூறு நாளும் வேலை பார்த்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சேர்த்தால் ஒன்று வாங்கலாம். பெண்ணைப் பாதுகாக்க அரசு கண்டுபிடித்த வழி இது.

சரி, காசு இருக்கிறது, லைசென்சும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அமெரிக்காக்காரன் பிரித்த மூன்று வகையையும் நம்ம தெருவில் வைத்துப் பார்ப்போம்.

இடுப்பில் வைத்துக்கொள்ள. 1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார், பஸ்சை மறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டினார்கள். 2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், பட்டப்பகலில், சங்கரை வெட்டினார்கள். கேமராவில் பதிவானது, நாடே பார்த்தது. பின்னாலிருந்து நாலு பேர் வரும்போது இடுப்பில் இருப்பதை எடுக்க நேரம் ஏது? இன்னொன்றும் இருக்கிறது. டீக்கடையில் நம்ம பையன் சட்டை விலகி ரிவால்வர் தெரிந்தால், லைசென்சை யார் முதலில் கேட்பார்கள்? அதற்கு முன்னால் அடி விழாதா?

வீட்டுக் காவலுக்கு. அந்த வீடியோவில் திருடன் ஒருத்தன் ஜன்னல் வழியாக வருகிறான். நம்ம காலனிக்கு ஒருத்தன் வருவதில்லை. 2012 நவம்பர் 7-இல் தருமபுரி நத்தம் காலனிக்கும் பக்கத்துக் காலனிகளுக்கும் கூட்டமாக வந்தார்கள். 200-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்துக்கு வந்தது போலீஸ் படை. வீட்டை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். இதற்கெல்லாம் ஆறு தோட்டா எந்த மூலைக்கு? தொகுப்பு வீட்டில் இருப்பது ஒரே அறை. பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க எங்கே பீரோ? ஒன்றை நம்ம ஆண்கள் மனசில் கைவைத்துச் சொல்ல வேண்டும்: குடித்துவிட்டு வந்த ராத்திரி, வீட்டில் இருக்கிற துப்பாக்கி முதலில் யார் பக்கம் திரும்பும்? வாசலுக்கு வெளியே எதிரி வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் ஒரு பெண் நிற்கிறாள்.

சுட்டுப் பழக. அதற்கு ரைபிள் கிளப் வேண்டும், சந்தா வேண்டும், தோட்டா வாங்கக் காசு வேண்டும். இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

ஆக, துப்பாக்கிக் கடைக்காரன் கேட்கிற கேள்வி நம்ம கேள்வி இல்லை. எது வாங்கலாம் என்பதை விட்டுவிட்டு, இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

நான் வேலை பார்க்கிற பேங்க் வாசலில் ஒருத்தர் 12 போர் துப்பாக்கியோடு நிற்கிறார். ராணுவத்திலிருந்து வந்தவர், நல்ல மனுசன். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். பேங்க் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. பணத்துக்கு ஒரு நாளும் காவல் இல்லாமல் போகக் கூடாது. ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவைப் படியுங்கள். பயிரைக் காக்க ஒருத்தர் நாட்டுத் துப்பாக்கி கேட்டால், வேறு தடை இல்லாதபட்சத்தில், லைசென்ஸ் தர வேண்டும் என்று இருக்கிறது. மலையடிவாரத்தில் தோட்டம் உள்ளவனுக்குக் காட்டுப்பன்றியும் யானையும் வரும், அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் பயிர் இருக்க வேண்டுமென்றால் நிலம் இருக்க வேண்டும். நிலம் எந்தச் சாதியிடம் இருக்கிறது? சட்டத்தில் சாதிப் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, இருந்தும் துப்பாக்கி நிலத்தின் வழியாக நடந்து சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணிக்கு வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. ஓட முடியாதவர்கள் ஒரு குடிசைக்குள் ஒண்டினார்கள். 44 பேர்.

இது நேற்று வந்ததில்லை. சூத்திரனும் பஞ்சமனும் ஆயுதம் எடுக்கக் கூடாது என்று வைத்த ஏற்பாடுதான் இத்தனை காலம் அவர்கள் எழாமல் இருந்ததற்குக் காரணம் என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விளக்கினார். சுபேதார் ராம்ஜியின் மகன் அவர், அனுபவித்துச் சொன்னது. 1878-இல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான்; இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. அமெரிக்காவிலும் இதே கதை. 1956-இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கி அனுமதி கேட்டார், கொடுக்கவில்லை. 1967-இல் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கி ஏந்தி வீதியில் நின்றார்கள். உடனே கலிபோர்னியா சட்டத்தையே மாற்றியது, கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரீகன். தம்பி, அந்த வீடியோக்காரன் இந்தக் கதையைச் சொன்னானா?

இப்போது நம்ம கைக்கு எட்டுகிற விசயத்துக்கு வருகிறேன். போடி எரிந்த அதே 1989-இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு 1995-இல் விதிகள் வந்தன. அதில் 3-ஆம் விதியை எத்தனை தோழர்கள் படித்திருப்பீர்கள்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்டறிந்த இடத்தில், தேவை என்று கருதினால், தலித்–பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து, ஆயுதத்தை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள் லைசென்சும் இதில் அடக்கம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதே விதியில் இன்னும் கொஞ்சம் கீழே, தேவை என்று கருதினால், தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமை பாதுகாப்புக்காக ஆயுத லைசென்ஸ் வழங்க வேண்டும்.

ஆமாம் தோழர்களே, எழுதியே இருக்கிறது. "தேவை என்று கருதினால்." அந்தச் சொல்லில்தான் நம்மளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கருத வேண்டியவர் யார்? மாநில அரசு. ரிப்போர்ட் எழுத வேண்டியது யார்? உள்ளூர் ஸ்டேஷன். பயிருக்கு என்றால் 'தர வேண்டும்', பயிரில் வேலை செய்கிறவனுக்கு என்றால் 'கருதினால்'.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்த விதியில் எது முதலில் இருக்கிறதோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: அவர்கள் துப்பாக்கியை வாங்கு. நம்ம கையில் ஒன்று வருவதைவிட, அவர்கள் கையிலிருந்து பத்து போவது பெரிய பாதுகாப்பு. அதே சமயம் நமக்கு லைசென்ஸ் கேட்டும் மனு போட வேண்டும். துப்பாக்கி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. எதற்கு என்றால், கொலை நடந்த பிறகு எல்லா அதிகாரியும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "இப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது." அந்த வாக்கியத்தை முன்கூட்டியே பிடுங்கிப் போட வேண்டும். என் உயிருக்கு ஆபத்து, இன்னின்னாரால், இன்ன தேதியிலிருந்து என்று எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட ரசீது வாங்கிவிட்டால், அரசுக்குத் தெரியும் என்று ஆகிவிடும். மறுத்தால் ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. தெரிந்தே கடமையைச் செய்யாத அதிகாரிக்கு வன்கொடுமைச் சட்டம் 4-ஆம் பிரிவு இருக்கிறது. இருபது வயது ஆள் மனு போட வேண்டாம், 21 முடிந்திருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பெயரில் போடுங்கள், பெண்கள் பெயரிலும் போடுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள். மாவட்டத்தில் எத்தனை துப்பாக்கி லைசென்ஸ்? 1995 முதல் இன்றுவரை 3-ஆம் விதியில் எத்தனை ரத்து? அதே விதியில் தலித்துகளுக்கு எத்தனை வழங்கப்பட்டது? பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம். இரண்டையும் இந்தப் பக்கங்களில் அச்சடிப்போம்.

கள்ளத் துப்பாக்கி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். செல்போனில் அருவாளோடும் துப்பாக்கியோடும் படம் போட்டுக்கொள்கிற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெட்ட வருகிறவன் மேல் வழக்குப் போட ஆயிரம் யோசிக்கிற ஸ்டேஷன், உன் மேல் ஆயுத வழக்குப் போட ஒரு நிமிசம் யோசிக்காது. உன் படிப்பும் ஜாமீனும் உங்கம்மாவின் தோடும்தான் அதில் போகும். அந்தத் தோடு நகைக்கடனுக்கு என் கவுண்டருக்குத்தான் வரும். நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தம்பியும் நானும் உட்கார்ந்து மனு எழுதினோம். நாலு பக்கம். தெருவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் ஏழு பேர் பெண்கள். மறுநாள் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வரிசையில் மூன்று மணி நேரம். "துப்பாக்கியா? உங்களுக்கா?" என்று ஒரு ஊழியர் கேட்டார். "விதியில இருக்குங்க சார்" என்று தம்பி பக்கத்தைத் திறந்து காட்டினான். அவர் படித்தார். திரும்பவும் ஒருமுறை படித்தார். ரசீது கொடுத்தார்.

அவன் அண்ணன் இன்னும் ராத்திரியில் வீட்டில் படுப்பதில்லை. ரசீதின் நகல் என் மேசை டிராயரில் இருக்கிறது. ஒரு மாசம் ஆகிறது, பதில் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகிறோம். இந்தத் தடவை நாற்பது பேராவது வரவேண்டும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.