சிவந்த தட்டும் சிடுசிடு முகமும்!

1922 ஆகஸ்ட். ஸ்வீடன் முழுக்க ஒரே பேச்சு: மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா? 27-ம் தேதி பொது வாக்கெடுப்பு.

அந்த நேரத்தில் வந்தது ஒரு போஸ்டர். தட்டில் வேகவைத்துச் சிவந்த கிரேஃபிஷ். ஆற்றிலும் ஏரியிலும் கிடைப்பது; பார்க்க சிங்கி இறாலின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். பக்கத்திலேயே மது. சிடுசிடு முகத்தோடு ஒருவர் விரலை நீட்டி மிரட்டுகிறார். ‘மது இல்லாமல் கிரேஃபிஷ் இறங்காது. ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போடு, இல்லையென்றால் இதையும் மறந்துவிடு!’ என்பதுதான் சேதி.

ஸ்வீடனில் ஆகஸ்ட் என்றாலே கிரேஃபிஷ் விருந்துதான். அந்த ஆசையில் கை வைத்தவர், கார்ட்டூனிஸ்ட் ஆல்பர்ட் எங்ஸ்ட்ரோம். 1897-ல் ‘ஸ்ட்ரிக்ஸ்’ என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கியவர். நாலு கோட்டில் ஆளின் குணத்தையே கொண்டுவந்துவிடுவார். இவர் வரைந்த ‘கோலிங்கன்’ என்ற குடிகார நாடோடி, அங்கே அத்தனை பிரபலம்.

முடிவு? சுமார் 51 சதவீதம் ‘வேண்டாம்’. மயிரிழையில் மதுவிலக்கு தோற்றது.

ஆனால், ஆண்கள் ஓட்டையும் பெண்கள் ஓட்டையும் தனித்தனியாக எண்ணியிருந்தார்கள். ஆண்களில் பெரும்பாலோர் ‘வேண்டாம்’. பெண்களில் பெரும்பாலோர் ‘வேண்டும்’! நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை.

போஸ்டர் பேசியது விருந்தைப் பற்றி. பெண்கள் யோசித்தது, விருந்து முடிந்து ஆள் வீடு திரும்பும் நேரத்தைப் பற்றி!